தேவாலயத்தில் ஓபராக் குரல்

1874ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் இத்தாலியின் மிலான் மாநகரில், ஸான் மார்க்கோ தேவாலயத்தில் பெருங்கூட்டம் ஒன்று கூடியிருந்தது. அந்நாட்டின் தலைசிறந்த நாவலாசிரியராகிய அலெஸ்ஸாந்த்ரோ மான்ஸோனி மறைந்து அன்றோடு ஓராண்டு நிறைவுற்றது. அவர் நினைவுக்கென்று இசைமேதை ஜுஸெப்பே வெர்டி இயற்றிய 'ரெக்வியம்' அன்றுதான் முதன்முதலாகப் பாடப்பட்டது. ரெக்வியம் என்பது இறந்தோருக்காக இறைவனிடம் இறைஞ்சும் கத்தோலிக்க வழிபாட்டிற்குரிய இலத்தீன் பாடல் தொகுதி. ஏறக்குறைய 120 குரல்களும் 100 வாத்தியங்களும் நான்கு தனிப்பாடகர்களும் பங்குகொண்ட அந்நிகழ்ச்சியை வெர்டியே முன்னின்று நடத்தினார். பாடி முடிந்தபோது ஒரு கையேனும் தட்டப்படவில்லை. தேவாலயத்தில் கரவொலி எழுப்பலாகாது என்பது அன்றைய விதி.

மூன்று நாட்கள் சென்றன. 25ஆம் நாள் அதே ரெக்வியம், அதே தனிப்பாடகர்களால், அதே வெர்டியின் தலைமையில், அதே நகரத்தின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் பாடப்பட்டது. அங்கே கரகோஷம் கூரையைப் பிளந்தது. சில பகுதிகளை மறுமுறையும் பாடுமாறு சபையோர் வற்புறுத்த, அவ்வாறே பாடவும் நேர்ந்தது.

இசை ஒன்று, பாடியவர் ஒருவர், கேட்டோரின் நடத்தையோ இரண்டு. இவ்விரு சபைகளுள் அவ்விசையைச் செவ்வனே கேட்ட சபை எது என்று வினவினால், தேவாலயத்துச் சபையே என்று பலரும் தயங்காமல் விடையிறுப்பர். நாம் அவ்வளவு விரைவில் அம்முடிவுக்கு வர விரும்பவில்லை. விதியால் விளைந்த மௌனம் பக்திக்குச் சாட்சி ஆகாது. கைகள் கட்டுண்டிருந்த நேரத்தில் உள்ளங்கள் எங்கே உலவின என்பதை யார் அறிவார்? பாடகரின் மூச்சு நீளத்தை எண்ணிக்கொண்டே மௌனமாய் அமர்ந்திருப்பாரும் உண்டு. கண்ணீர் வழிய எழுந்து நின்று கைதட்டுவாரும் உண்டு. மான்ஸோனியை இழந்த துயரம் மிலான் மக்களுக்கு மெய்யானது. அரங்கத்தில் அது வேறு வழியின்றிக் கரவொலியாய் வெடித்திருக்கவும் கூடும்.

ஆகவே, கேட்டவர்களை விட்டுவிட்டுச் சற்றே பாடலுக்குள் செல்வோம். ஆண் குரல்களுள் உயர்ந்த நிலையில் ஒலிப்பதை மேனாட்டார் 'டெனர்' என்பர். ஓபரா என்னும் இசை நாடகத்தில் காதலனும் வீரனும் பெரும்பாலும் டெனர் பாடகரே. ஒலிபெருக்கியின் துணையின்றி, முழு வாத்தியக் குழுவின் முழக்கத்தையும் கடந்து, மாடத்தின் கடைசி வரிசை வரை தன் குரலைச் செலுத்த வல்லவர் அவர். பாட்டின் இறுதியில் ஓர் உச்ச சுரத்தை எட்டிப் பிடித்து நிறுத்துவார். சபை பொங்கி எழும். இதற்கே பழகிய தொண்டை அது. இதற்கே பழகிய சபையும் அது.

அத்தகைய ஒரு டெனருக்கு வெர்டி இந்த ரெக்வியத்தில் கொடுத்த தனிப்பாடல் 'இன்ஜெமிஸ்கோ' என்பது. முதல் நிகழ்ச்சியில் இதனைப் பாடியவர் ஜுஸெப்பே கப்போனி. இறுதித் தீர்ப்பு நாளில் குற்றவாளியாய் நின்று முனகும் ஓர் ஆன்மாவின் முறையீடு இது. பாவியான பெண்ணொருத்தியை மன்னித்தாய், சிலுவையில் தொங்கிய கள்வனுக்கும் செவி சாய்த்தாய், எனக்கும் நம்பிக்கை அளித்தாய், உன் வலப்புறத்தில் எனக்கோர் இடம் தா என்பது அதன் கருத்து. கத்தோலிக்கர் அல்லாத நமக்கும் 'வலப்புறத்தார்' என்றதும் பொருள் விளங்கிவிடுகிறது. தீர்ப்பு நாளையும் அந்நாளின் அச்சத்தையும் மன்னிப்பின் ஆசையையும் நாம் யாரிடமும் கேட்டு அறியவேண்டியதில்லை.

இங்கேதான் வெர்டியின் நுட்பத்தைக் காண்கிறோம். பாடலின் முடிவை ஒட்டி டெனரின் குரல் உச்சத்திற்கு ஏறுகிறது. ஓபராவில் ஆயின் அந்த இடத்திலேயே பாட்டு முழங்கி நின்றிருக்கும். இங்கோ குரல் இறங்கி வருகிறது; வாத்தியங்கள் தணிகின்றன; மூச்சுவிடும் நேரம்கூடக் கொடாமல் அடுத்த கணமே தாழ்குரல் பாடகர் சபிக்கப்பட்டோரின் தீயைப் பற்றி முழங்கத் தொடங்கிவிடுகிறார். எந்த இடத்தில் எத்தனை கைகள் தட்டும் என்பதைத் தம் வாழ்நாளெல்லாம் கணக்கிட்டு எழுதிய ஒரு நாடக இசைஞர், கைதட்ட இடமே இல்லாதவாறு இந்த முறையீட்டை எழுதியிருக்கிறார். பின்னால் வரும் 'ஹோஸ்டியாஸ்' என்னும் பகுதியில் அதே டெனர் மிக மென்மையாக, காதோடு பேசுவதுபோல் பாடவேண்டியிருக்கிறது. பெருங்குரலைக் காட்டப் பழகியவருக்கு இது எளிய காரியமன்று. ரெக்வியம் பாடும் டெனரின் தகுதியை நாம் அளக்க விரும்பினால் இன்ஜெமிஸ்கோவின் உச்ச சுரத்தைக் கொண்டு அளப்பதைவிட இந்த ஹோஸ்டியாஸைக் கொண்டு அளப்பதே நேர்மை.

இதை உணராத விமரிசகர்களும் இருந்தனர். ஜெர்மானிய இசையறிஞர் ஹான்ஸ் ஃபான் பியூலோ, வெர்டியின் ரெக்வியத்தைக் கேளாமலே, இது பாதிரியார் அங்கி போர்த்திய ஓபரா என்ற கருத்துப்பட எழுதிக் கேலி செய்தார். கேளாமல் எழுதும் விமரிசனம் நம் நாட்டுக்கு மட்டும் உரிய சொத்தன்று போலும்! இசைமேதை பிராம்ஸ் அந்த இசைக் குறிப்பைத் தருவித்துப் படித்துவிட்டு, பியூலோ தம்மைத் தாமே நகைப்புக்குள்ளாக்கிக் கொண்டார், இது மேதை ஒருவரால் மட்டுமே ஆகக்கூடிய படைப்பு என்று சொன்னாராம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1892இல், பியூலோ வெர்டிக்கு மடல் எழுதி மன்னிப்புக் கோரினார். வெர்டியும் பெருந்தன்மையோடு பதில் எழுதினார்.

ஆயினும் பியூலோவின் ஐயத்தை முற்றிலும் புறந்தள்ளுவதற்கில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கே அவ்வையம் இருந்தது. 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் பத்தாம் பயஸ் என்னும் போப்பாண்டவர் வெளியிட்ட ஆணை, வழிபாட்டிற்கு மிகவும் பொருந்தாதது நாடகப் பாணியே என்று தெளிவுறக் கூறிற்று. தனிப்பாடகரின் குரல் வழிபாட்டில் மேலோங்கி நிற்கலாகாது என்றும் விதித்தது. ஸான் மார்க்கோவிலேயே பெண் பாடகியர் பாடுவதற்குச் சிறப்பு அனுமதி வேண்டியிருந்தது. அவர்கள் கறுப்பு முக்காடிட்டுத் திரைக்குப் பின்னே நிறுத்தப்பட்டனர். பாடுகிறவரைப் பார்க்கத் தொடங்கினால், யாரை நோக்கிப் பாடப்படுகிறதோ அவனை மறந்துவிடுவோம் என்ற அச்சம் இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது எனலாம்.

இவ்வச்சம் நமக்கும் புதிதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் 'ஸமாஃ' எனப்படும் இசை கேட்டலின் ஒழுக்கங்களுக்கென்று தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள். காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தவேண்டும் என்கிறார்கள். அதைவிட நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது மற்றொன்று: கேட்டுக்கொண்டிருப்பவன் பிற கேட்போரின் முகங்களைப் பார்க்கலாகாது, வராத பரவசத்தை வந்ததாகக் காட்டலாகாது என்னும் அறிவுரை. சபையின் ஆரவாரமும் சபையின் மௌனமும் தொற்றிக்கொள்ளும் இயல்பின. பக்கத்தில் இருப்பவர் அழுதால் நாமும் அழுகிறோம். பக்கத்தில் இருப்பவர் தட்டினால் நாமும் தட்டுகிறோம். நம் உள்ளத்துக்கு என்ன நேர்ந்தது என்பது நமக்கே தெரியாமல் போய்விடுகிறது.

பின்னர் இசைத்தட்டு வந்தது. சபையே இல்லாத கேள்வியும் வந்தது. 1915இல் என்ரிக்கோ கரூஸோ இன்ஜெமிஸ்கோவை மட்டும் தனியே பாடிப் பதிவு செய்தார். வெர்டி விட்டுவைக்காத இடைவெளியை இசைத்தட்டு உண்டாக்கிவிட்டது. தீர்ப்பு நாளின் முறையீடு, முன்னும் பின்னும் அறுபட்டு, வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும் ஒரு தனிப்பாட்டாயிற்று. குரலின் அழகைச் சொல்லி மாளாது. ஆனால் அதைக் கேட்கும்போது அடுத்து வரவேண்டிய தீயின் முழக்கம் வாராதிருப்பது நமக்கு ஒரு குறையாகவே படுகிறது.

டப்ளின் நகரத்தில் 1932ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அயர்லாந்து சுயராச்சியம் பெற்றுப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. உலகக் கத்தோலிக்கர் மாநாட்டின் நிறைவு நாள் வழிபாட்டிற்கு ஃபீனிக்ஸ் பூங்காவில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் திரண்டனர். அங்கே செஸார் ஃபிராங்க் 1872இல் இசையமைத்த 'பானிஸ் ஆஞ்செலிகஸ்' என்னும் பாடலைப் பாடியவர் ஜான் மக்கார்மக். இவரும் மிலானில் பயின்றவர். 1907இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் மஸ்காஞ்ஞியின் ஓபராவில் தோன்றிப் புகழ் பெற்றவர். பிறகு ஓபரா மேடையைத் துறந்து கச்சேரிப் பாடகராய் உலகம் சுற்றியவர். போப்பாண்டவர் வழங்கிய பிரபுப் பட்டமும் 1928 முதல் அவருக்கு இருந்தது.

மாநாட்டுக்கென்று அத்லோன் ஊரில் புதிதாய் வலிமைமிக்க வானொலி நிலையம் எழுப்பப்பட்டிருந்தது. மக்கார்மக் பிறந்த ஊரும் அத்லோன்தான். பூங்காவிலும் நகரத்து வீதிகளிலும் ஒலிபெருக்கிகள் குரலைச் சுமந்து சென்றன. பத்து இலட்சம் பேரில் பாடகரின் முகத்தைக் கண்டவர் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு அது முகமற்ற குரல். புல்வெளியில் முழந்தாளிட்டவர்களுக்கு மேலே எங்கிருந்தோ வந்த குரல். கைதட்டல் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. வழிபாட்டின் ஒரு பகுதியாய் அப்பாடல் அமைந்ததும், ஓபரா அரங்கின் முழக்கத்தை மக்கார்மக் எப்போதோ கைவிட்டிருந்ததும் காரணம். சொல் தெளிவுக்குப் பேர்போன குரல் அது. அடக்குமுறைக்கு ஆளான தங்கள் சமயம் திறந்த வெளியில் பாடப்படுவதை அம்மக்கள் கேட்டனர். பாடகரை அவர்கள் மதிப்பிடவில்லை. அந்நாளின் பெருமையைப் பின்னாளில் அயர்லாந்துக்காரர் பேசும்போதெல்லாம் அப்பாடலும் சேர்ந்தே பேசப்படுவது இயல்பே. பாடியவரும் கேட்டவரும் ஒரே வரிசையில் நின்ற அரிய வேளை அது என்றே நாம் கருதுகிறோம்.

1978இல் கனடாவின் மோன்ட்ரியால் நகரத்து நோத்ர்தாம் தேவாலயத்தில் லூச்சானோ பாவரோட்டி பாடிய கிறிஸ்துமஸ் கச்சேரியை இதனோடு ஒப்பிட மனம் வரவில்லை. இடம் தேவாலயம், நிகழ்ந்தது கச்சேரி. தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் அதைக் கண்டு மகிழ்ந்தவர் ஏராளம். மகிழ்ச்சி தவறன்று. அதற்கு மேல் அதில் ஆராய்வதற்கு அதிகமில்லை.

மீண்டும் மிலானுக்கே வருவோம். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. கொரோனா நோய் இத்தாலியில் மற்றெல்லாப் பகுதிகளையும்விட லொம்பார்டி மாநிலத்தையே கடுமையாய்த் தாக்கியிருந்தது. பெர்காமோ நகரில் இடுகாட்டில் இடமின்றி, மார்ச் மாதத்தில் சவப்பெட்டிகளை இராணுவ வாகனங்கள் ஏற்றிச் சென்ற காட்சியை உலகம் கண்டது. பொது வழிபாடு நிறுத்தப்பட்டது. இறந்தோருக்குரிய சடங்கு வழிபாடும் நிறுத்தப்பட்டது. தந்தையை மருத்துவமனை வாசலில் விட்டு வந்தவர், பிறகு அவரைக் காணாமலே, அவருக்காகக் கூடி நின்று தொழாமலே இருந்தனர். அதே மாத இறுதியில் தொடங்கிய ரமளானில் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டிருக்கத் தராவீஹை வீட்டுக்குள் தொழுதவர்களுக்கும், உற்றாரின் ஜனாஸாவில் நிற்க இயலாது போனவர்களுக்கும் அத்துயரத்தை விளக்கவேண்டியதில்லை.

அந்த ஞாயிறன்று, நகர நிருவாகமும் தேவாலயமும் அழைக்க, 61 வயதான டெனர் ஆந்திரேயா பொச்செல்லி, 1386இல் கட்டத் தொடங்கிய மிலான் பெருந்தேவாலயத்துக்குள் நின்று பாடினார். எதிரே ஒருவரும் இல்லை. ஆர்கன் வாசித்த எமானுவேலே வியானெல்லி ஒருவரே துணை. இணையம் வழியே ஒளிபரப்பான அந்நிகழ்ச்சியை ஒரே வேளையில் 28 இலட்சம் பேருக்கு மேல் கண்டனர்; 24 மணி நேரத்துக்குள் எண்ணிக்கை 2 கோடியே 80 இலட்சத்தைத் தாண்டிற்று.

பொச்செல்லி விஷயத்தில் கேட்போர் எப்போதும் இரு கட்சியாய் நின்றவர்கள். 1999இல் வெளிவந்த அவருடைய புனிதப் பாடல் தொகுப்பு 50 இலட்சத்துக்கும் மேல் விற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அவர் ஓபரா மேடையேறியபோது, ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் அவர் குரல் சிறியது என்று விமரிசகர்கள் கடிந்தனர். அவர்கள் கூறியதில் உண்மை உண்டு. 2020 ஈஸ்டரன்றும் தேர்ந்த செவிகளுக்கு அக்குரலின் தேய்வு தெரியாமல் இல்லை; மேல் சுரங்களில் இறுக்கம் இருந்தது; மூச்சு முன்போல் நீளவில்லை. வீட்டில் அடைபட்டுக் கண்ணீர் சொரிந்த கோடி மக்களை நோக்கி இதைச் சொல்வதே கொடுமை என்றனர் சிலர். அழுகைக்கும் இசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டனர் வேறு சிலர்.

பாடப்பட்டவற்றைப் பார்ப்போம். முதற்பாடல், டப்ளினில் ஒலித்த அதே பானிஸ் ஆஞ்செலிகஸ். இரண்டாவது 'ஆவே மரியா'. இதற்கு அடிப்படையாய் அமைந்தது பாக் எழுதிய ஒரு வாத்திய இசை. அதன்மேல் கூனோ மெட்டொன்றைப் படரவிட்டார். வழிபாட்டுச் சொற்கள் பிறகே வந்து சேர்ந்தன. மூன்றாவதான 'ஸாங்க்தா மரியா'வின் மெட்டு மஸ்காஞ்ஞியின் ஓபராவில் காட்சிகளுக்கு நடுவே வாசிக்கப்படும் இடையிசை. நான்காவது, முதுமையில் ரொஸ்ஸினி எழுதிய வழிபாட்டு இசையில் டெனர் பாடும் பகுதி; ஓபரா மேடையின் மிடுக்கு அதிலும் குறைந்தபாடில்லை. ஆக, ஒரு தேவாலயத்தின் ஈஸ்டர் பாடல்கள் நான்கில் பாதியில் நாடக வாசனை! திரைப்பட மெட்டில் அமைந்த இஸ்லாமியப் பாடல்களைப் பற்றி நம் இல்லங்களில் எழும் வாக்குவாதத்தை வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள். மெட்டு எங்கே பிறந்தது என்பதை மட்டும் கொண்டு அதன் தூய்மையைத் தீர்மானிக்க முடியாது என்பதே நம் எண்ணம். அதைப் பாடுகிறவன் எவ்விடத்தில் நிற்கிறான், யாருக்காக நிற்கிறான் என்பதையும் கேட்கவேண்டும்.

அன்று பொச்செல்லி நின்ற இடம் வெற்றிடம். ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஆளில்லாத கல் மண்டபத்தில் ஒலி நெடுநேரம் அலைந்து திரும்பும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் அந்த அலைவு நமக்குக் கேட்டது. காண்போர் கண்ணால் கண்ட வெறுமையை, பன்னிரண்டு வயதிலேயே பார்வை முற்றும் இழந்த அப்பாடகர் காதால் அறிந்திருப்பார். பாட்டு முடிந்ததும் கரவொலி வரவில்லை. அதைத் தடுக்க விதியும் தேவைப்படவில்லை. ஸான் மார்க்கோவின் மௌனம் விதியின் மௌனம். இது மனிதர் இல்லாமையின் மௌனம். தேய்ந்த குரல் இங்கே குறையாகத் தோன்றவில்லை என்று நாம் சொல்வது இரக்கத்தால் அன்று. முறையிடுகிறவனின் குரல் மெருகோடு இருந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை. இளமையின் வலிமையோடு வேறொரு டெனர் அங்கு நின்று உச்ச சுரங்களைப் பொழிந்திருந்தால், நாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

ஐந்தாவது பாட்டைப் பற்றி இப்படிச் சொல்ல இயலவில்லை. பொச்செல்லி தேவாலயத்தை விட்டு வெளியே வந்து, வெறிச்சோடிய சதுக்கத்தை நோக்கி 'அமேஸிங் கிரேஸ்' பாடினார். ஒரு காலத்தில் அடிமைக் கப்பல் தலைவராயிருந்து பின்னர் பாதிரியாரான ஜான் நியூட்டன் எழுதிய அப்பாட்டு பெருமை வாய்ந்ததே. ஆனால் காமிரா பாரிஸுக்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் தாவி, வெறுமையான வீதிகளைக் காட்சிப் பொருளாக்கியது. உள்ளே இருந்தபோது இல்லாத 'சபை' இங்கே எப்படியோ நுழைந்துவிட்டது. நம்மை நெகிழச் செய்யவேண்டும் என்னும் திட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்த இறுதிக் காட்சியையே மிகவும் போற்றினர். நம்மால் அவர்களோடு உடன்பட முடியவில்லை. ஆர்கனோடு தனித்து நின்ற அந்த நான்கு பாடல்களே நமக்குப் போதும்.

அவ்வாண்டு செப்டம்பரில், நோயின் வேகம் சற்றே தணிந்திருந்தபோது, லா ஸ்காலாவின் வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் தங்கள் அரங்கை விட்டு அதே பெருந்தேவாலயத்துக்கு வந்தன. நோயால் இறந்தோர் நினைவாக, ரிக்கார்தோ ஷையியின் தலைமையில், அவர்கள் எடுத்துக்கொண்டது வெர்டியின் ரெக்வியம். மிலானை அடுத்துப் பெர்காமோவிலும் பிரெஷியாவிலும் அதனைப் பாடினர். ஏப்ரலில் ஆளின்றிக் கிடந்த மண்டபத்தில், இப்போது இடைவெளிவிட்டு அமர்ந்திருந்தனர் மிலான் மக்கள். டெனர் தம் குற்றங்களைச் சொல்லி முனகி, வலப்புறத்தில் ஓர் இடம் கேட்டு முடித்தார். வெர்டி எழுதியிருந்தபடியே, யாரும் மூச்சுவிடுமுன், தாழ்குரல் எழுந்தது.